உமக்கு ஒரு கடிதமும் வரேல்லை

பெப்ரவரி 16, ஞாயிறு

மகள் மிதுஷாவுக்கு ஒரு வயது முடிந்து இரண்டு நாள். நேற்றுக் கொண்டாட்டம். எழுபது பேர் வந்தார்கள். மண்டபத்தைக் கூட்டித் துடைத்துச் சாவியைக் கொடுக்கப் பின்னேரம் ஆறு மணி. மிஞ்சிய கேக் இன்னும் பிறிஜ் முழுக்க இருக்கிறது. மனைவி சுகிர்தா காலையிலேயே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

இந்த டயரி தமிழ்க்கடையில் சும்மா கொடுத்தது. மகள் வளர்வதை எழுதிவைக்கலாம் என்று எடுத்தேன். பேனையைப் பிடித்தால் தாயைப் பற்றிய முறைப்பாடுதான் முதலில் வருகிறது.

நான் பேக்கரிப் பாண் ஏற்றும் வான் ஓடுகிறேன். விடியப்பறம் மூன்று மணிக்குத் தொழிற்சாலை, நாங்கள் இருக்கும் குறொய்டன் சுற்றுவட்டாரத்துக் கடை எல்லாம் இறக்கி முடித்து ஒரு மணிக்கு வீடு. சாப்பிட்டுவிட்டுச் சரிந்து படுப்பம் என்றால், பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கோ என்பாள். காலையில் குளிப்பாட்டியிருக்கலாம். மாட்டாள். நான் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கவேண்டும். ஒரு வருடமாக இதேதான்.

"ஊரில ஒவ்வொருத்தி நாலு பிள்ளை வளர்க்கிறாள்" என்றேன்.

"நீங்கள் பக்கத்தில இருந்தால் அவள் அழமாட்டாளப்பா" என்றாள். பிள்ளை நான் இல்லாவிட்டாலும் அழுவதில்லை.

பெப்ரவரி 19, புதன்

எங்கள் வீடு மாடியில். பதின்மூன்று படி. மிதுஷாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சுகிர்தா ஒவ்வொரு படியாகக் குந்தி இருந்து இருந்து இறங்குகிறாள், கிழவிகள் மாதிரி. கீழ்வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கார் பழகுவதற்கான விண்ணப்பம் இன்னும் மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. "எனக்குப் பயம், விடுங்கோ" என்கிறாள். கலியாணம் கட்டி வந்து மூன்று வருடம். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குப் பயம் இல்லாத விஷயம் என்ன இருக்கிறதென்று கேட்டேன். விண்ணப்பத்துக்கு மேல் பிள்ளையின் போத்தலை வைத்தாள்.

பெப்ரவரி 22, சனி

பிள்ளைக்கு ஊசி என்று வியாழன் டொக்டரிடம் போனவள் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாளாம். இன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் நான் கேட்டபிறகு.

பிள்ளை வயிற்றில் இருந்த காலத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், காலையும் இரவும். "பிள்ளைக்கு ஒரு வயதாச்சு, இனி ஏன் அது? நிப்பாட்டும்" என்றேன். "டொக்டர் கொஞ்ச நாளைக்குப் போடச் சொன்னவர்" என்றாள். "பிள்ளைக்கு ஒரு வயது மட்டும்தானே சும்மா தருவினம், இனிக் காசு குடுத்தல்லோ வாங்கவேணும். கீரை சாப்பிடும், காணும்" என்றேன்.

அவளுடைய வங்கி அட்டையில் எது வாங்கினாலும் என் ஃபோனில் மணி அடிக்கும். கண்காணிப்பு இல்லை, ஒரு ஒழுங்குக்காக. இந்தக் கிழமை மருந்துக்கடையில் எதுவும் வாங்கவில்லை. என் சொல்லைக் கேட்டிருக்கிறாள் போல.

பெப்ரவரி 23, ஞாயிறு

இன்று பிடிவாதமாக இருந்தேன். "இண்டைக்கு நீரே குளிப்பாட்டும், நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு ரி.வி.க்கு முன்னால் இருந்தேன். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தால், பிள்ளையை அறை நிலத்தில் துவாய் விரித்துக் கிடத்தி ஈரத்துணியால் துடைக்கிறாள். கண்ணீர் ஒழுகுகிறது.

"என்ன, தண்ணிக்குப் பயமோ உனக்கு?" என்று கத்திவிட்டேன். கோபம் வந்தால்தான் 'நீ' என்று வரும். பிள்ளை பயந்து அழுதது. பிறகு நான்தான் குளிப்பாட்டினேன். இவ்வளவுக்கும் நான் கெட்டவன் இல்லை.

மார்ச் 1, சனி

ஒரு மணிக்கு வந்தால் சுகிர்தா படியடியில் நிற்கிறாள். தபால்காரனும் அந்த நேரம்தான் வருவான். மூன்று நாளாக இப்படி. யாரிடமிருந்து கடிதம் என்று கேட்டேன். "சும்மா, காத்துக்கு நிண்டனான்" என்றாள். மார்ச் மாதக் குளிரில்.

மார்ச் 5, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு வந்தேன். அவளும் பிள்ளையும் நித்திரை. கதவடியில் தபால் கிடந்தது. வெள்ளைக் கடித உறை, அவள் பெயருக்கு. அனுப்பினவர் யாரென்று இல்லை. ஏதாவது தண்டப் பணமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உடைத்தேன். அவளுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் உடைப்பது, ஆங்கிலம் என்பதால்.

உள்ளே ஒரு அட்டை. திருமதி சுகிர்தா நகுலேஸ்வரன். மருத்துவக் காரணத்தினால் மருந்துச் சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்கு. ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

ஐந்து வருடமா?

மூன்று தரம் வாசித்தேன். என்ன வருத்தம், என்ன நோய் என்று அதில் இல்லை. திரும்ப வானுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் தேடினேன். இந்த விலக்கு எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு பட்டியல் இருக்கிறது, பத்து வருத்தம். அதில் ஒன்று இருக்கிறதென்று டொக்டரே கையெழுத்து வைக்கவேண்டும். அப்படியென்றால் டொக்டருக்குத் தெரியும். அட்டை அனுப்பின கந்தோருக்குத் தெரியும். வீட்டில் ஒன்றாகப் படுக்கிற எனக்குத் தெரியாது.

பட்டியலின் கடைசியில் புற்றுநோய் இருந்தது.

வான் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் நான் பிறேக்கை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கால் வலித்தபோதுதான் தெரிந்தது.

அட்டையை வானில் வழிப்பத்திரம் வைக்கும் தட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். மேலே போனேன். அவள் எழும்பியிருந்தாள். தலைமயிரைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

"இல்லை" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது.

மார்ச் 6, வியாழன்

வான் ஓடும்போது ஒவ்வொன்றாக யோசித்தேன். நீரிழிவு என்றால் கேக் சாப்பிடமாட்டாள். தைரொயிட் என்றால் என்னுடைய அக்காவுக்கும் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? புற்றுநோய் என்றால் மயிர் கொட்டும், அவளுடைய மயிர் இடுப்புவரை அடர்ந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் வெட்டினேன். வெட்டி முடித்துப் பார்த்தால், பேர்லியில் ஒரு கடையில் இருபது தட்டுக் குறைவாக இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் அவள் இடியப்பம் அவித்தாள். நான் அவளுடைய கையை, கழுத்தை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, முகத்தில ஏதும் ஒட்டியிருக்கோ?" என்று துடைத்தாள்.

மார்ச் 8, சனி

தெரிந்துவிட்டது.

அவள் குளிக்கப் போனபோது குசினி அலுமாரியைத் திறந்தேன். இரும்புச்சத்துப் போத்தல். உள்ளே இருந்தவை வெள்ளை மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை வெள்ளையாக இருக்குமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அரிசிமாப் பேணிக்குப் பின்னால் மருந்துப் பெட்டி, அவள் பெயர் ஒட்டி. லமோட்ரிஜின். காலை ஒன்று, இரவு ஒன்று. ஃபோனில் போட்டுப் பார்த்தேன்.

வலிப்பு.

குளியலறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் ஒருநாளும் பூட்டுவதில்லை. ஊரில் இப்படியா வளர்த்தார்கள் என்று கேட்டு நான் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன். பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டாதது. படியில் குந்தி இருந்து இறங்குவது. பிள்ளைக்குத் துணி மாற்றுவதென்றால் மேசையில் இல்லை, நிலத்தில். கார் வேண்டாம் என்றது. அன்றைக்கு அவள் ஈரத்துணியோடு அழுதுகொண்டிருந்ததும், நான் கத்தினதும்.

நான் அந்த அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பிரசவத்துக்கு முதல் ஒருநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி என்னைப் பத்து நிமிடம் வெளியே நிற்கச் சொன்னாள். பெண்களின் விஷயம் என்று நினைத்துக் கன்ரீனில் தேத்தண்ணி குடித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் இருந்தான், தவச்செல்வன். காலைப் பிரார்த்தனையில் விழுவான். வாத்தியார் ஓடிவந்து கையில் இரும்புச் சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையைத் திணிப்பார். அவன் குடித்த குவளையில் பிறகு ஒருவரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். நானும் குடித்ததில்லை. அவனுக்குக் கலியாணம் நடந்ததா என்று தெரியாது.

எனக்குச் சொல்லாமல் கட்டிவைத்துவிட்டார்கள். மூன்று வருடம். ஒரு பிள்ளையும் பெற்றாயிற்று.

போத்தலிலும் பெட்டியிலும் எல்லாமாக ஆறு மாத்திரைதான் இருந்தது. ஒன்று பாதியாக உடைத்திருந்தது. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். பிள்ளைக்கு இரண்டாவது பல் தெரிகிறது என்றுதான் சொன்னாள்.

மார்ச் 11, செவ்வாய்

நேராக வீட்டுக்கு வருகிறேன். எங்கும் நிற்பதில்லை. அவளைத் தனியே விடப் பயமா, கோபமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிடுவதற்கு முதலே போய்க் கதிரையைப் போடுகிறேன். அவளுக்கு ஆச்சரியம்.

வரும்போது யாருடனோ ஃபோனில் ஆங்கிலம் கதைத்துக்கொண்டிருந்தாள். "யேஸ், த்ரீ வீக்ஸ்" என்றது காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள்.

"ஆர்?"

"பிள்ளையின்ர தாதி."

"எனக்கு ஏதும் சொல்லவேணுமோ, சுகிர்தா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். "இல்லையே. எனக்குக் கடிதம் ஏதும் வந்ததோ?"

"உமக்கு ஒரு கடிதமும் வரேல்லை."

அட்டை வானுக்குள் இருக்கிறது. அவள் வாயால் சொல்லட்டும், அந்த நிமிடமே எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மார்ச் 13, வியாழன்

தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்து உடைந்தது. அவள் உடைந்ததைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று தரம் கூப்பிட்டேன். நாலாம் தரம்தான் "என்னப்பா?" என்றாள். நித்திரை போதாது போல. அப்படித்தான் எழுதுகிறேன்.

மார்ச் 15, சனி

சுகிர்தா விழுந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளை நித்திரை. அவளை இன்னும் ஒருநாள் வைத்திருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் நான் முன்னறையில் காலுறை கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் குசினியில். மிதுஷா தன் உயரக் கதிரையில் இருந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். சுகிர்தாவின் குரல் இல்லை. ஒரு மனிதருடைய குரலும் இல்லை. நெஞ்சுக்குள் இருந்த காற்று முழுவதையும் யாரோ மிதித்து வெளியே தள்ளினது போல. பிறகு தலை நிலத்தில் மோதின சத்தம்.

போனேன். அவள் அடுப்புக்கும் பிள்ளையின் கதிரைக்கும் நடுவில் கிடந்தாள். உடம்பு விறைத்து, பிறகு உதறத் தொடங்கியது. பல் கிட்டி, வாயோரம் நுரை, அதில் கொஞ்சம் இரத்தம். கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் அவள் இல்லை. மிதுஷா மேலிருந்து பார்த்து, அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரிந்துகொண்டு ஒரு கிழமை ஆகியும், என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி வாசிக்கவில்லை. மாத்திரையின் பெயரைத் தேடினேன். இது பரம்பரையில் வருமா என்று தேடினேன். விவாகரத்துக்கு இது காரணமாகுமா என்றுகூட ஒருநாள் தேடினேன். விழுந்தால் எப்படிப் பிடிப்பது என்று தேடவில்லை.

வான் திறப்பை எடுத்து அவளுடைய கைக்குள் திணித்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்ததுபோல. விரல் மடங்கவில்லை. கரண்டியை வாய்க்குள் வைக்கப் போனேன். நல்லகாலம், அதற்குள் அவசர இலக்கத்துக்கு அடித்திருந்தேன். ஃபோனில் அந்தப் பெண், வாய்க்குள் ஒன்றும் வைக்கவேண்டாம், பக்கத்தில் இருக்கும் சாமானை எல்லாம் தள்ளுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள் என்றாள். என் சட்டையைக் கழற்றி வைத்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்பக்க அடுப்பில். அவள் எப்பவும் பின்பக்க அடுப்பில்தான் சமைப்பாள்.

பிறகு உதறல் நின்று, குறட்டை மாதிரி மூச்சு விட்டாள். மிதுஷா அழத் தொடங்கியது. நான் நடுவில் இருந்து இரண்டு பேரையும் பார்த்தேன். ஒரு நிமிடம் முந்தியிருந்தால் பிள்ளை அவள் கையில் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, மலையாளிப் பெண் போல, சுகிர்தா முழித்ததும் மெதுவாகக் கேட்டாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

சுகிர்தா முதலில் என்னைப் பார்த்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும். தடித்துப்போன நாக்கால், உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கும் விலக்கு, பிள்ளைக்கு ஒரு வயதோடு முடிந்துவிட்டது. புது விலக்குக்கு எழுதிப் போட்டேன், அட்டை வரவில்லை. அட்டை இல்லாமல் இலவசம் என்று மருந்துச் சீட்டில் கோடு போட்டால் தண்டக் கடிதம் வீட்டுக்கு வரும். வங்கி அட்டையில் காசு கொடுத்தால் அவருடைய ஃபோனில் மணி அடிக்கும், கைக்காசு இல்லை. இருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டேன். வியாழனோடு முடிந்துவிட்டது.

"எத்தனை வருடமாக வராமல் இருந்தது?" என்று டொக்டர் கேட்டாள்.

"ஐந்து" என்றாள் சுகிர்தா.

ஐந்து வருடம் வராமல் இருந்தது வந்துவிட்டது.

நான் வெளியே வந்தேன். அம்புலன்ஸில் போனபடியால் வான் வீட்டில். பிள்ளையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு ராக்சி பிடித்துப் போய், அட்டையை எடுத்து, அதே ராக்சியில் திரும்பி வந்தேன். ஏன் அவ்வளவு அவசரமாகப் போனேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து சும்மாதான் கொடுப்பார்கள்.

அவளுடைய கையில் வைத்தேன். ஊசி ஏற்றியிருந்த கை. அவள் அட்டையைப் பார்த்தாள். கூட இருந்த கடிதத்தைப் பார்த்தாள். மேலே திகதி இருந்தது, மார்ச் 3.

"எப்ப வந்தது?"

"புதன்கிழமை. ஐந்தாம் திகதி."

அவள் விரல்விட்டு எண்ணுவதுபோலப் பார்த்தாள். எண்ணவில்லை. அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்து, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலைக்கு ஒரு கிழமை லீவு போட்டேன். பிள்ளையோடு கதைக்கிறாள். கீழ்வீட்டுக்காரியோடு கதைக்கிறாள். மாத்திரைப் போத்தலை மேசையில் எல்லோரும் காண வைத்திருக்கிறாள், அதன் உண்மையான பெயரோடு. என்னோடு கதைக்கவில்லை.

நாக்கில் கடிபட்ட காயம். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஊரில், கொக்குவிலில் அப்போது பின்னேரம். சுகிர்தா விழுந்ததைச் சொன்னேன். அம்மா கத்துவார், ஏமாற்றிவிட்டார்கள் என்று தலையில் அடிப்பார், சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்புவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அப்படிக் கத்தவேண்டும் என்று நான் விரும்பினேன் போல.

அம்மா பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "பிள்ளை கையில இருக்கேல்லையோ விழேக்க?" என்றார்.

"இல்லை."

"முருகா. இப்ப எப்பிடி இருக்கிறாள்?"

"அம்மா, விளங்கிச்சுதோ? அவளுக்கு வலிப்பு. கட்டுறதுக்கு முதலே இருக்கு."

"தெரியும் தம்பி."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வேறு யாருக்காவது எடுத்துவிட்டேனோ என்று.

"பொம்பிளை பார்க்கப் போன அண்டே அவையள் சொல்லிப்போட்டினம். தகப்பன் ஒளிக்கேல்லை. மருந்தோட ரெண்டு வருசமா வரேல்லை, டொக்டரின்ர துண்டு இருக்கு எண்டு காட்டினவர். உனக்கும் சொல்லவேணும் எண்டுதான் அந்தப் பிள்ளை நிண்டது. நான்தான் வேண்டாம் எண்டனான்."

"நீங்களோ?"

"உனக்கு அப்ப முப்பத்தொன்பது. எத்தினை பிள்ளையைக் காட்டினன்? ஒருத்தி கறுப்பு, ஒருத்தி கட்டை, ஒருத்தி சிரிக்கேக்க பல்முரசு தெரியுது எண்டாய். இதைச் சொன்னால் படத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டாய். நல்ல பிள்ளை, ராசா. நேரம் வரேக்க நான் சொல்லுறன், நீ வாயைத் திறவாதை எண்டு அவளிட்டச் சத்தியம் வாங்கினனான். பிறகு எனக்கு அந்த நேரம் வரவேயில்லை."

ஒருவர்மேலும் கோபப்பட முடியாமல் போய்விட்டது. இவ்வளவு நாளும் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். குசினி நிலத்தில் இருந்துவிட்டேன், அவள் விழுந்த இடத்தில்.

மார்ச் 22, சனி

இன்று அவள் கதைத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்து, துவாயால் சுற்றி என் மடியில் தந்துவிட்டு, தொட்டி விளிம்பில் இருந்தாள்.

"மாமி சொன்னவவோ?"

"ஓம். நீர் ஏன் அதை எனக்குச் சொல்லேல்லை? அம்மாதான் தடுத்தவ எண்டு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் பண்ணினனான்" என்றாள். பிறகு, "அது மட்டுமில்லை. வந்து முதல் மாசமே சொல்லுவம் எண்டு நினைச்சன். அப்ப ஒருநாள் பஸ்ஸில ஒருத்தர் விழுந்தார். உங்களுக்கு ஞாபகமோ? நீங்கள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு இறங்கிப் போட்டியள். அருவருப்பா இருக்கு எண்டியள்."

எனக்கு ஞாபகம் இல்லை. தேடித்தேடிப் பார்த்தேன். அப்படி நான் சொல்லியிருக்கமாட்டேன் என்றும் சொல்லமுடியவில்லை.

"நான் பயத்தில மறைச்சனான்" என்றாள். "அது பிழைதான். பிள்ளை பிறந்தபிறகும் மறைச்சது பெரிய பிழை. ஆனா நீங்கள் அட்டையைப் பார்த்தியள். மருந்துப் பெட்டியையும் பார்த்தியளோ?"

"பார்த்தனான்."

"எத்தினை மாத்திரை இருந்தது எண்டும் பார்த்தியளோ?"

பிள்ளையின் தலையைத் துவட்டினேன். காய்ந்துவிட்டது. இன்னும் துவட்டினேன்.

"ஆறு" என்றேன்.

"பிறகும் ஒவ்வொரு நாளும் நான் கேக்கக் கேக்க, வரேல்லை எண்டு சொன்னியள். நீங்கள் என்னத்துக்குப் பயந்து மறைச்சனியள்?"

பிள்ளைக்குச் சட்டை போட்டேன். பதில் எனக்குத் தெரியும். பயத்தினால் இல்லை. அவள் என்னிடம் வந்து கெஞ்சவேண்டும் என்று இருந்தது. இப்போது எழுதிவிட்டேன். அவளுக்கும் சொல்லவேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "என்ர அண்ணாவை வரச்சொல்லிப் பிள்ளையோட ஊருக்குப் போவமோ எண்டு யோசிக்கிறன்" என்றாள். "இன்னும் முடிவெடுக்கேல்லை. எடுத்தால் ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லுறன்."

என் ஃபோனில் அவளுடைய அட்டைக்கு அடிக்கும் மணியை நிறுத்தினேன். நிறுத்தியதையும் சொன்னேன். "நல்லது" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

மருந்துக்கடைக்கு இருவரும் போனோம். வரிசையில் எங்கள் கோயில் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். கடைப்பெண் வழமைபோல, கட்டணம் உண்டா, விலக்கா என்று கேட்டாள். நான் குரலைத் தாழ்த்தச் சொல்லுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, சுகிர்தா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அட்டையை நீட்டி, முழுக்கடைக்கும் கேட்கிறமாதிரி, "விலக்கு. எனக்கு வலிப்பு இருக்கு" என்று முதலில் ஆங்கிலத்திலும் பிறகு, தேவையே இல்லாமல், தமிழிலும் சொன்னாள்.

கோயில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் சுட்டது. ஆனாலும் பக்கத்திலேயே நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

வலிப்புக்கென்றே உள்ள தாதியிடம் போனோம். அயர்லாந்துக்காரி, அறுபது வயதிருக்கும், பலத்த கைகள். ஒரு மணித்தியாலம் சுகிர்தாவோடு கதைத்தாள். மருந்தின் அளவைத் திரும்பவும் மெதுமெதுவாகக் கூட்டவேண்டுமாம். எழுதித் தந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வலிப்பு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

திறப்பைக் கையில் திணித்ததைச் சொன்னேன். கரண்டியையும் சொன்னேன். சிரிக்கவில்லை. எழும்பி, அறை நிலத்தில் ஒரு பாயை விரித்தாள். மனைவியை வைத்தே பழகுங்கள் என்றாள்.

சுகிர்தா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். மிதுஷா தாதியின் மடியில். நான் முழங்காலில் இருந்தேன். பதினெட்டு நாளாக அவளை நான் தொடவில்லை. உதறல் நின்றபிறகு செய்யவேண்டியது இது: உனக்குக் கிட்ட இருக்கும் கையை விரித்து வை. மற்றக் கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வை. தூரத்து முழங்காலை மடக்கு. முழங்காலைப் பிடித்து உன் பக்கம் இழுத்துத் திருப்பு. தலையைப் பின்னால் சரித்து மூச்சுக்கு வழி விடு.

அவளுடைய கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்தேன். கை சூடாக இருந்தது. என் கைதான் குளிர்ந்திருந்தது. முழங்காலை மடக்கித் திருப்பினேன். என் பக்கம் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மயங்கினவள் மாதிரியே கிடந்தாள். தாதி பார்க்கிறாள் என்று தலையைக் குனிந்தேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து சுகிர்தா சொன்னாள்:

"காலை வடிவா மடக்கேல்லை. இப்பிடி விட்டியளெண்டால் நான் திரும்ப முகம்குப்புறப் போயிடுவன்."

"சரி" என்றேன்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ."

அவள் திரும்பவும் மல்லாந்து படுத்தாள். நான் முதலிலிருந்து தொடங்கினேன்.